ஆர்வம் இருந்தது, லைன்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியாவுக்கு இணையம் வந்து முப்பது ஆண்டுகள் நிறைந்ததையொட்டித் தங்கள் நாளிதழில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. தேதிகள், நிறுவனங்கள், அமைச்சர்களின் படங்கள் எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு வாக்கியமும் இருந்தது. முதல் பத்து ஆண்டுகள் நம் மக்கள் இணையத்துக்குத் தயாராக இல்லையாம். அதனால்தான் அது ஆமை வேகத்தில் வளர்ந்ததாம். 2016-இல் மலிவு விலையில் டேட்டா கிடைத்த பிறகுதான் விழித்துக்கொண்டார்களாம். இந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் சென்னையில் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயிண்டராகச் சேர்ந்து, பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் வந்து, ஃபோன் மெக்கானிக்காக ஓய்வுபெற்றவன். கணினியைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்தக் கணினிகள் பேசிக்கொண்ட கம்பியைப் பற்றித் தெரியும். மக்கள் தயாராகத்தான் இருந்தார்கள், ஐயா. லைன்தான் இல்லை.

இது என் சொந்தக் கணக்கு இல்லை. 1994-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையிலேயே இருக்கிறது. நாடு முழுவதற்கும் சுமார் 80 லட்சம் தொலைபேசி இணைப்புகள். காத்திருப்போர் பட்டியலில் சுமார் 25 லட்சம் பேர். நூறு பேருக்கு 0.8 தொலைபேசி. சீனாவில் 1.7 என்றும் உலக சராசரி 10 என்றும் அதே ஆவணம் சொல்கிறது. 5,76,490 கிராமங்களில் ஏறத்தாழ 1.4 லட்சம் கிராமங்களில்தான் தொலைபேசி இருந்தது. அன்றைக்கு இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைய முடியும். கம்பியே இல்லாத வீட்டுக்காரருக்கு ஆர்வம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மகள் பிறந்த சமயத்தில் பணம் கட்டிப் பதிவு செய்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஃபோன் கிடைத்த வீட்டுக்கு நான் இணைப்புக் கொடுத்திருக்கிறேன். டயல் டோன் வந்ததும் அந்த வீட்டுப் பெரியவர் கருவிக்குக் குங்குமம் வைத்தார். அவரையா ஆர்வமில்லாதவர் என்று சொல்வது?

தொடக்கத் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். என்ற அரசு வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்துவிட்டது உண்மைதான். ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1986-இல், மத்திய மின்னணுத் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியிருந்தது. ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், டெல்லியில் மின்னணுத் துறை என்று எட்டு இடங்கள். ஐந்து ஐ.ஐ.டி.களில் நம் கிண்டி ஐ.ஐ.டி.யும் ஒன்று. இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஸ்ரீனிவாசன் ரமணி அந்தப் பம்பாய் மையத்தைச் சேர்ந்தவர். இணையப் புகழ் மண்டபம் (Internet Hall of Fame) என்ற உலகப் பட்டியலில் 2014-இல் அவர் பெயரும் ஏறியது. தொடக்க நாட்களில் இந்த நிறுவனங்களின் கணினிகள் தொலைபேசியில் ஒன்றையொன்று அழைக்கும். சேர்த்து வைத்திருந்த அஞ்சலைக் கொடுத்து, வரவேண்டியதை வாங்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிடும். ரயிலில் தபால் பையை ஏற்றி இறக்குவது போலத்தான். பிறகு அமெரிக்காவுக்கு நிரந்தர லைன் ஒன்று கிடைத்தது. அதன் வேகம் விநாடிக்கு 9,600 பிட். இத்தனை பெரிய தேசத்தின் ஆராய்ச்சி உலகத்துக்கு அந்த ஒற்றைக் கம்பி. தங்கள் கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1995-க்கு வருகிறேன். முதலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய பெருநகரங்களுக்குத்தான் சேவை. கம்ப்யூட்டரில் படத்தோடு பார்க்கும் கணக்குக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய்; வேகம் அதே 9,600 பிட். இன்று கைபேசியில் எடுக்கும் மூன்று எம்.பி. படம் ஒன்றை அந்த வேகத்தில் அனுப்பினால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், அதுவும் நடுவில் லைன் அறுந்து போகாமல் இருந்தால். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு உண்டு. அதில் படம் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். மதுரை, நெல்லைக்காரர்கள் அந்த முதல் காலத்தில் மெட்ராஸ் எண்ணுக்கு எஸ்.டி.டி., அதாவது வெளியூர் அழைப்பு, போட்டுத்தான் இணையத்துக்குள் போக முடியும். எஸ்.டி.டி. என்றாலே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்து வயிறு கலங்கிய காலம் அது. இவ்வளவுக்கும் பிறகு ஆட்கள் வரிசையில் நின்றார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

சரி, பணமும் இருக்கிறது, லைனும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையாளருக்குத் தெரியாத கதை இனிமேல்தான் இருக்கிறது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் தடித்த கேபிள் தெருமுனையில் நிற்கும் பில்லர் என்ற இணைப்புப் பெட்டிக்கு வரும். அங்கிருந்து சிறிய கேபிள், வீடுகளுக்கு லைனைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டிக்குப் போகும், அதிலிருந்து வீட்டுக்கு ஒரு ஜோடிக் கம்பி. வழி நெடுக ஜாயிண்டுகள். நான் வேலை பார்த்த பகுதியில் பழைய கேபிள்கள் பல, செம்புக் கம்பிக்குக் காகிதம் சுற்றி ஈய உறை போட்டவை. உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், ஐப்பசி மழையில் காகிதம் தண்ணீரைக் குடித்துவிடும். ஜெல்லி அடைத்த புதுக் கேபிள் வந்த தெருக்களில் இந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் எல்லாத் தெருவுக்கும் அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஈரம் ஏறிய லைனில் பேசுகிறவர் கரகரப்புக்கு நடுவிலும் 'என்ன சொன்னீர்கள்?' என்று கேட்டுச் சமாளித்துவிடுவார். கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் மோடம் அப்படிக் கேட்காது, துண்டித்துக்கொண்டு போய்விடும்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்லூரி மாணவரின் வீடு. ஃபோனில் பேச்சுத் தெளிவாகக் கேட்கிறது. எக்ஸ்சேஞ்சில் லைனைச் சோதிக்கும் டெஸ்ட் டெஸ்க்கில் பார்த்தால் லைன் சுத்தம் என்று சொல்கிறார்கள். ஆனால் இணையத்தில் நுழைந்த சிறிது நேரத்தில் துண்டித்துவிடுகிறது என்று அந்தப் பையன் விடாமல் புகார் எழுதிக்கொண்டே இருந்தான். எங்கள் அலுவலகத்தில் அது சிரிப்புக்குரிய புகாராகிவிட்டது. பேச்சு கேட்கிறது, பிறகென்ன குறை என்பது அன்றைய நியாயம். நான் அவன் வீட்டுக்குப் போய் டெஸ்ட் ஃபோனை மாட்டிக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, மிக மெலிதாக, பக்கத்து வீட்டு அம்மாள் யாரிடமோ தக்காளி விலையைச் சொல்வது கேட்டது. அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

இரண்டு கம்பிகளை ஜோடியாக முறுக்கி வைப்பதே பக்கத்து லைனின் பேச்சு இதில் ஏறாமல் இருப்பதற்காகத்தான். எந்தக் காலத்திலோ யாரோ அவசரத்தில் ஜாயிண்ட் போடும்போது ஒரு ஜோடியின் ஒரு கம்பியையும் அடுத்த ஜோடியின் ஒரு கம்பியையும் சேர்த்து இவன் லைனாக்கிவிட்டு, அடுத்த ஜாயிண்டில் மறுபடி சரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். டெஸ்ட் டெஸ்க்குக்கு இது தெரியாது. கம்பி அறுபடவில்லை, மண்ணில் படவில்லை, எல்லாம் சரி என்றுதான் காட்டும். பக்கத்து வீட்டில் யாராவது பேசினால் மோடத்துக்கு மட்டும் பைத்தியம் பிடிக்கும். பில்லருக்கும் டி.பி.க்கும் நடுவில் குழியைத் தோண்டி, ஒரு முனையில் டோன் கொடுத்து, ஒவ்வொரு ஜோடியாகக் காது வைத்துத் தேடி, ஜோடி மாறிய இடத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி முறுக்கினோம். மாலையில் அவன் வீட்டில் மோடம் டயல் செய்து, கூவி, இரைந்து, அடங்கியது. கறுப்புத் திரையில் எழுத்துகள் வரிவரியாக இறங்கின. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் சேர்க்கை விதிமுறைகள் என்றான். அந்தப் பையனின் அம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே முழுப் பக்கமும் வந்து முடியும்வரை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் தோண்டிய குழியை மூட வேண்டும் என்று உடன் வந்த தோழர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

இது ஒரு வீட்டு விவகாரம். எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே இன்னொரு நெருக்கடி இருந்தது. ஆயிரம் சந்தாதாரர் இருந்தால் ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள் என்று நினைத்து யாரும் எக்ஸ்சேஞ்ச் அமைப்பதில்லை. சிறு பகுதியினர்தான் ஒரு சமயத்தில் பேசுவார்கள், அதுவும் சில நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள் என்ற கணக்கில்தான் உள் பாதைகளைப் போட்டிருப்பார்கள். இணையம் வந்ததும் ஒருவர் ரிசீவரை எடுத்தால் இரண்டு மணி நேரம் வைப்பதில்லை. அக்கம்பக்கத்தில் பத்திருபது பேர் அப்படிப் பிடித்து வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு டயல் டோன் வரவே தாமதமாகும். பின்னாளில் இணையத்துக்கென்று 172-இல் தொடங்கும் எண்கள் வந்தன. ராத்திரி நேரத்தில் அவற்றைச் சுழற்றினால் எங்கேஜ்டு சத்தம்தான் முதலில் வரவேற்கும். ஆர்வமில்லாத மக்கள் இப்படித்தான் ராத்திரியெல்லாம் எக்ஸ்சேஞ்சை அடைத்துக்கொண்டு நின்றார்கள்! வீட்டில் இன்னொரு கூத்து. மாடியில் பேரன் இணையத்தில் இருக்கும்போது கூடத்தில் பாட்டி எக்ஸ்டென்ஷனை எடுத்து 'ஹலோ' என்பார். அதோடு முடிந்தது.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது என்றதும் நிறையப் பேர் இறங்கினார்கள். முதலில் களத்துக்கு வந்த சத்யம் இன்ஃபோவே நம் சென்னை நிறுவனம். ஆனாலும் கடைசிக் கம்பி அதே பழைய செம்புதான். அதன் மேல் ஒரு புதிய தொழில் முளைத்தது: பிரவுசிங் சென்டர். மஞ்சள் பலகையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று கறுப்பு எழுத்தில் போட்டிருந்த கடைகள் பல, ஒரு பக்கச் சுவரில் பலகைத் தடுப்புகள் அடித்துக் கணினி வைத்தன. ஒரே ஃபோன் லைன், ஒரே மோடம், அதை நான்கு கணினிகளுக்குப் பங்கு போட்டுவிடுவார்கள். தொடக்கத்தில் மணிக்கு அறுபது ரூபாய் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். போட்டி வந்ததும் விலை மளமளவென்று இறங்கியது. பிளஸ் டூ முடிவு வரும் நாளில் அந்தக் கடைகளின் வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? ரேஷன் கடையில்கூட அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. வளைகுடாவில் இருக்கும் மகனின் ஈமெயிலை அச்செடுத்து வாங்கிக்கொண்டு, கடைக்காரப் பெண்ணையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பதிலையும் சொல்லி அடிக்க வைக்கும் தாய்மார்கள் வருவார்கள். கணினியைத் தொடாமலேயே இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் இவர்கள். எந்தப் புள்ளிவிவரத்தில் இவர்கள் பயனாளிகளாக எண்ணப்பட்டார்கள்?

இடையில் ஒன்று. அன்று தமிழ் நாளிதழ்களின் இணையப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனித்தனி எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். தங்கள் நாளிதழும் விதிவிலக்கு இல்லை. மக்கள் தயாராகவில்லை என்று எழுதுகிறவர்கள் அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

மதுரை மாவட்டத்துக்கு வந்த பிறகு கிராமங்களின் நிலையை நேரில் கண்டேன். பல ஊர்களின் பொதுத் தொலைபேசிகள் கம்பியில் இல்லை, ரேடியோவில் இயங்கின. இரண்டு அலைவரிசைகளைப் பதினைந்து தொலைபேசிகள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. இரண்டு ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருந்தால் மற்ற பதின்மூன்று ஊர்களும் காத்திருக்க வேண்டியதுதான். அதிலும் பேட்டரி இறங்கியோ ஆன்டெனா திரும்பியோ ஊமையாகிக் கிடந்தவை ஏராளம். பேச்சுக்கே தடுமாறும் அந்த ஏற்பாட்டில் இணையத்தை எங்கே கொண்டுபோவது?

இதற்கு ஒரு விடையைக் கண்டுபிடித்ததும் தமிழ்நாட்டில்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, செம்பைத் தவிர்த்து வானொலி வழியாக வீட்டுவரை போகும் கார்டெக்ட் என்ற அமைப்பை உருவாக்கியது. ஒரு கோபுரத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு எட்டும். ஃபோனில் பேசிக்கொண்டே 35 கிலோபிட் வேகத்தில் இணையத்திலும் இருக்கலாம். 2001-இல் மேலூர் வட்டத்துக் கிராமங்களில் இதை வைத்து ஐ.ஐ.டி.யும் ஹார்வர்ட், எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களும் கிராமங்களுக்கு இணையம் கொடுத்த என்-லாக் நிறுவனமும் சேர்ந்து இணைய நிலையங்களைத் தொடங்கின. தென்னை மரம் மறைத்தால் சிக்னல் கிடைக்காது என்பதால் மொட்டைமாடியில் நீளமான குழாய் நட்டு ஆன்டெனாவைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். கண்ணில் குறை உள்ளவரைக் கேமரா முன் உட்காரவைத்துப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தாலுகா அலுவலகத்துக்கு மனுக்களும் அங்கிருந்தே போகும். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி அப்படி ஒரு நிலையத்தில் வேலை பார்த்தாள். பஸ் ஏறி மேலூருக்குப் போய் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம் என்பதற்காகவே கிழவர்கள் அவளைத் தேடி வருவார்கள். சில ஆண்டுகளில் இவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. பராமரிப்பு, வருமானம் என்று காரணங்கள் பல. ஊரார் வராததால் மூடினார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

புதுச்சேரிப் பக்கம் இதைவிட எளிமையாகச் செய்தார்கள். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, வீராம்பட்டினம் மீனவர் ஊரில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒரே ஓர் இணைப்பு. கடலுக்குப் போகிற ஊர் முழுவதற்கும் பயன். நம்மைப் போன்ற ஜனத்தொகை உள்ள நாட்டில் தொடக்க கால இணையத்தை ஆளுக்கொரு கணக்கு என்று எண்ணினால் எதுவும் விளங்காது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தங்கள் கட்டுரையிலும் பாதி இருக்கிறது. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடிக் கேபிள் வந்தது. 2003-இல், இணைய நிறுவனங்கள் நாட்டுக்குள்ளேயே தகவலை மாற்றிக்கொள்ளத் தேசிய இணையப் பரிமாற்ற நிலையங்கள் அமைக்கப்பட்டன. அதற்கு முன் மதுரையிலிருந்து சென்னைக்கு அனுப்பும் ஒரு கடிதம், இருவரும் வெவ்வேறு நிறுவனத்தின் சந்தாதாரர்களாக இருந்தால், அமெரிக்கா வரை போய்விட்டுத் திரும்பிவருவது சர்வசாதாரணம். 2004-இல் அகன்ற அலைவரிசை (பிராட்பேண்ட்) கொள்கை அறிவிக்கப்பட்டது; 256 கிலோபிட்டுக்குக் குறையாத வேகம் என்றார்கள். அந்த இணைப்பும் எதில் வந்தது? நாங்கள் முறுக்கி வைத்த அதே செம்பு ஜோடியில்தான். மழைக்குத் தப்பிய நல்ல லைன் உள்ளவர்களுக்கு உடனே கிடைத்தது, மற்றவர்கள் மறுபடியும் எங்களைத்தான் தேடி வந்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலை சரிந்ததும் கோடிக்கணக்கானோர் உள்ளே வந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. காத்திருப்போர் பட்டியல் இல்லாமல் லைன் நேராகக் கைக்கு வந்தது, வாங்கிக்கொண்டார்கள். அதைத் திடீரென்று வந்த ஆர்வம் என்று எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். எர்நெட் பற்றிய விடுபடலையும், மக்கள் தயாராக இல்லை என்ற அந்த வாக்கியத்தையும் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுங்கள். அடுத்தது, பழைய எக்ஸ்சேஞ்சுகளைக் காலி செய்து செம்பை எடை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். தெருமுனைப் பில்லர்களில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். கோட்டூர்புரத்து அறிவியல் மையத்தில் பிள்ளைகள் பார்க்க ஒரு பில்லர், ஒரு டி.பி. பெட்டி, பழைய மோடம், கையால் எழுதிய கேபிள் வரைபடம் ஒன்று என்று வைக்கச் சொல்லித் தங்கள் நாளிதழ் எழுதினால் அரசின் காதில் விழும். இடம் கொடுத்தால் ஜாயிண்ட் போட்டுக் காட்ட நானே வருகிறேன். எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் இன்னும் நாலைந்து பேருக்குக் கை நடுங்கவில்லை. ஈயம் உருக்கும் புளோலாம்பைக்கூட ஒருவர் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபோன் மெக்கானிக் ஒருவர்,
மதுரை மாவட்டம்.